ஆறு பெயர்கள்

வானொலியில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், ஆட்களின் பெயரைத் தப்பாக உச்சரிக்கக் கூடாது என்பது. அதன் பாரம் புரிந்தது 2018 அக்டோபர் 4ஆம் தேதி காலைச் செய்தியில்தான்.

முதல் நாள், பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானா அருகே ஈயக் குட்டையில் தவறி விழுந்த 17 வயதுப் பையனைத் தேடித் தீயணைப்பு மீட்புப் படையினர் இறங்கினார்கள். பாதுகாப்புக்காக ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். நீரோட்டம் ஆறு பேரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டது.

முகமது ஃபத்தா ஹாஷிம், இசாத்துல் அக்மா வான் இப்ராஹிம், மஸ்லான் ஓமர்பாக்கி, யஹ்யா அலி, அட்னான் ஒத்மான், முகமது ஹிஃப்சுல் மாலிக் ஷாரி. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

புக்கிட் செந்தோசாவிலிருந்து அம்மா போன் செய்தார்: "பேரையெல்லாம் நிதானமா வாசிச்சப்பா. அந்தத் தாய்மாருங்களும் கேட்டிருப்பாங்க."

1950 பிப்ரவரி 23இல் கம்யூனிஸ்டுகள் தாக்கியபோது சரணடைய மறுத்து மாண்ட போலீஸ்காரர்களுக்கு ஜொகூர், புக்கிட் கெப்போங்கில் நினைவிடம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். ஆனால் போக முடியாத வீடுகளிலும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பலாம்.

நம் வட சிலாங்கூரிலும் பழைய ஈயக் குட்டைகள் உண்டு. மேலே அமைதி, கீழே ஆழம். தூண்டிலோடு கிளம்பும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, இந்த ஆறு பேரின் கதையைச் சொல்லுங்கள். பெயரோடு சொல்லுங்கள். அன்று மீட்புப் படைக்கு ஓர் அழைப்பு குறைந்தால், அதுவே நாம் செலுத்தும் அஞ்சலி.