தேரை லில்லிக்கு எவ்வளவு நிழல் வேண்டும்?

மர நிழலில் பூச்செடி வைத்தால் பூக்குமா? "வெயில் இல்லாமல் எப்படிப் பூக்கும்?" என்றுதான் உங்களில் பலர் கேட்பீர்கள். ஆனால் ஜப்பான் நாட்டில் நிழலையே வீடாகக் கொண்ட ஒரு பூச்செடி உண்டு. மரங்கள் கவிந்த ஓடைக் கரைகளிலும், ஈரம் கசியும் பாறைகளிலும் அது வளர்கிறது. தாவரவியலார் அதனை டிரைசிர்டிஸ் ஹிர்ட்டா என்பர். வெண்ணிற இதழ்கள் ஆறிலும் ஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதால், ஆங்கிலத்தில் 'தேரை லில்லி' என்று பொருள்படும் பெயர் வந்தது. ஜப்பானியரோ அதை ஒரு குயிலினப் பறவையின் பெயரால் 'ஹோதோதோகிசு' என அழைக்கின்றனர். அப்பறவையின் மார்பிலும் இத்தகைய கோலம் உண்டு.

நிழல் என்றால் ஒளியே இல்லாத இடமா? இல்லை. நண்பகல் வெயிலில் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அடர்ந்த காட்டின் தரையை அடைவது அதில் 1 அல்லது 2 சதவீதமே. அப்படியும் 1,000 லக்ஸுக்குக் குறையாது! நம் கண் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. செடி உணர்கிறது.

செடி ஒளிச்சேர்க்கையால் உணவைச் சேர்க்கிறது; சுவாசத்தால் செலவழிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவுக்கு 'ஈடுசெய் புள்ளி' என்று பெயர். அதற்குக் கீழே நெடுநாள் இருந்தால் செடி பட்டினிதான். நிழல் தாவரங்களின் இலைகள் மெல்லியவை. அவற்றின் சுவாசச் செலவு குறைவு. ஆகவே குறைந்த ஒளியிலும் அவற்றுக்கு மிச்சம் பிடிக்க முடிகிறது.

அளவு மட்டுமா? நிழல் ஒளியின் நிறமும் வேறு. மேலேயுள்ள இலைகள் நீலத்தையும் சிவப்பையும் பெரிதும் விழுங்கிவிடுகின்றன. 730 நானோமீட்டர் அருகிலுள்ள தொலைச்சிவப்பு ஒளியோ பெரும்பாலும் கீழே இறங்கிவிடுகிறது. ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி, 660 நானோமீட்டர் சிவப்பையும் இத்தொலைச்சிவப்பையும் ஒப்பிட்டு, "தலைக்கு மேலே மரம் இருக்கிறது" என்று செடிக்கு அறிவிக்கிறது. இவ்விரு ஒளிகளும் ஒன்றன் விளைவை ஒன்று மாற்றுவதை, 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தார் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு காட்டினர்.

இனித் தோட்டக்காரரின் சிக்கலைப் பாருங்கள். தேரை லில்லி இலையுதிர் காலத்தில் பூப்பது. குளிர்காலம் சீக்கிரம் வரும் அமெரிக்க வட மாநிலங்களில், நிழல் மிகுந்த இடத்தில் அதை நட்டால் மொட்டு தாமதமாகும். அதற்குள் உறைபனி இறங்கினால் ஓராண்டுக் காத்திருப்பு வீண். உறைபனிக்கு அஞ்சி முழு வெயிலில் நட்டாலோ, மெல்லிய இலைகளின் ஓரம் கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே இடம் எது?

காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம்! காலையில் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும்; இலை இழக்கும் நீர் குறைவு. பிற்பகலில் அதே வெயில் விழுந்தாலும், சூடேறிய காற்று இலையின் நீரை விரைவாக இழுத்துவிடும். மண்ணும் காயக் கூடாது. ஆகவே மக்கிய இலையுரம் இடுவர். ஆனால் தண்ணீர் தேங்கவும் விடார்.

குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கும் இச்செடி நம் சமவெளிக்கு ஏற்றதன்று. ஆனால் நிழலை அளக்கும் வழி எங்கும் ஒன்றே. நண்பகலில் பள்ளி மரத்தடியில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். தாளில் கையின் நிழல் தெளிவாக விழுந்தால் அங்கு ஒளி மிகுதி. மங்கலாக விழுந்தால் இளநிழல். விழவே இல்லையென்றால் அடர்நிழல். ஒவ்வோர் இடத்திலும் எந்தச் செடி தழைக்கிறது என்று குறித்து வையுங்கள்.

அத்தாளில் வட்ட வட்டமான ஒளிப்பொட்டுகள் விழுவதையும் காண்பீர்கள். இலைகளின் இடுக்குகள் பல வடிவங்களில் இருக்க, பொட்டுகள் மட்டும் ஏன் வட்டமாக இருக்கின்றன? ஊசித்துளைக் காமிராவை நினைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்!