கொலைக் கதைதான்... ஆனா மனசு ரிலாக்ஸ் ஆகுதே! ‘கோஸி மிஸ்டரி’ ஏன் பிடிக்கிறது?

செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகர் திரும்பும் நேரம். காதில் இயர்போன், மொபைலில் ஒரு கொலைக் கதை. பார்க்கப் பார்க்க டென்ஷன் குறைகிறது. எப்படி?

கோஸி மிஸ்டரி என்றால்?

கொலை நடக்கும், ரத்தத்தைக் காட்டி மிரட்ட மாட்டார்கள். பெரும்பாலும் சின்ன ஊர். துப்பறிபவர் போலீஸ் இல்லை, நம்மைப்போல ஒருத்தர். அமெரிக்காவில் 1984 முதல் 1996 வரை 264 எபிசோடுகள் ஓடிய ‘மர்டர், ஷீ ரோட்’ தொடரில், ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்த ஜெசிகா ஃப்ளெட்சர் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர்.

தமிழில் உண்டா?

‘துப்பறியும் சாம்பு’வை மறக்க முடியுமா? 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய கதைகள். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. ‘அசடு’ என்று பெயர் வாங்கியவர். அவர் உளறுவதும் தடுமாறுவதுமே கேஸை முடித்துவைக்கும். டி.வி. தொடராக வந்தபோது காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார்.

அப்போ ரகசியம் என்ன?

ஜெசிகா ஜெயிப்பது கவனத்தால். சாம்பு ஜெயிப்பது அதிர்ஷ்டத்தால். ஆனால் இருவர் கதையிலும், யாரும் பெரிதாக மதிக்காத ஒருவரின் பேச்சு கடைசியில் எடுபடுகிறது. ‘மெஷின் சத்தம் சரியில்லை சார்’ என்று சொல்லி, ‘உன் வேலையைப் பாரு’ என்று பதில் வாங்கியவருக்கு அந்த சுகம் புரியும்.

அடுத்த தடவை பக்கத்து லைன்காரர் ‘ஏதோ இடிக்குதே’ என்றால், ஒரு நிமிஷம் காது கொடுங்க. அவர்தான் உங்க ஊர் சாம்புவோ என்னவோ!