ஆபரேஷன் தியேட்டருக்கு வேலையில்லை

“ஆபரேஷன் எத்தனை மணிக்கு சிஸ்டர்?” எங்கள் வார்டுக்கு வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. தானமாகக் கிடைத்த செல்கள் ஒரு பையில் வரும். மார்பில் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் வழியாக, ரத்தம் ஏற்றுவது மாதிரியே ஏற்றுவோம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையிலிருந்து பட்டினியாக வெளியே காத்திருக்கும் அம்மாக்கள், “அவ்வளவுதானா?” என்பார்கள்.

அந்த நாளுக்கு வார்டில் ‘டே ஜீரோ’ என்று பெயர். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் தானம் தருபவர் கிடைக்க வேண்டும். ரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாது; எச்.எல்.ஏ. எனும் திசு வகைப் பொருத்தம் பார்ப்பார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோகூடப் பொருந்திவிடுவது உண்டு. டாக்டர் அதைக் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். குடும்பத்தில் யாரும் பொருந்தாவிட்டால், சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து எடுத்தும் இப்போது செய்கிறார்கள்.

தம்பிக்குத் தரப்போகும் அண்ணன்தான் பல நேரம் அதிகம் பயப்படுவார், முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்று. பெரும்பாலும் நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து ரத்தத்தை மெஷினில் விட்டு, செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிடுவோம். அந்த நாட்களில் எலும்பு வலிக்கும். மாத்திரையில் அடங்கும்.

நோயாளிக்கு அதற்குள் கீமோ தொடங்கியிருக்கும், சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. இருக்கிற எலும்பு மஜ்ஜையை ஒழித்துப் புதியதற்கு இடம் செய்வதற்காக. இதனால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். விந்தணுவையோ கருமுட்டையையோ முன்கூட்டியே சேமிக்க வழியுண்டு. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. அதனால் நானே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

டே ஜீரோவுக்குப் பிந்தைய இரண்டு, மூன்று வாரங்கள்தான் மிகக் கடினம். வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். வாயெல்லாம் புண். எச்சில் விழுங்குவதே வேதனையாகி, வலிக்கு மார்ஃபின் தேவைப்படுபவர்களும் உண்டு. வடிகட்டிய காற்று வரும் தனி அறை, நன்றாக வேகவைத்த சாப்பாடு, கூட ஒரே ஒரு அட்டெண்டர். கோயில் பூவை உள்ளே விடமாட்டோம். அதில் பூஞ்சை இருக்கலாம். திருநீறா? அட்டெண்டர் நெற்றியில் பூசிக்கொள்ளட்டும் என்பேன். தினமும் காலையில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “கவுன்ட் ஏறிடுச்சா?” நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 500-க்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் புதிய செல்கள் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். அன்று வார்டில் யாராவது இனிப்பு வாங்கி வருவார்கள்.

ஆனால், வந்து குடியேறிய செல்களுக்கு இந்த உடம்பே அந்நியமாகத் தெரியலாம். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று அவை தாக்கத் தொடங்கும். இதற்கு ஜி.வி.ஹெச்.டி. என்று பெயர். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இது லேசாக வந்தால் டாக்டர்கள் ரொம்பக் கலங்குவதில்லை. அதே செல்கள் மிச்சமிருக்கும் புற்றையும் தேடி அழிக்கும். கடுமையாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை அடக்கத்தான் சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகள். நேரம் தவறக்கூடாது. பம்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் 100 நாள் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துத் தங்குவது நல்லது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பி வர வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பழைய தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும். அதனால் 6 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கி ஒவ்வொன்றாக மறுபடியும் போட வேண்டும். தட்டம்மை ஊசிக்குக் குறைந்தது 2 வருடம் பொறுக்க வேண்டும். தந்தவர் வேறு ரத்த வகை என்றால் நோயாளியின் ரத்த வகையும் நாளடைவில் அவருடையதாக மாறிவிடும். லைசென்ஸில் இருக்கும் பழைய வகையைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்றிவிடக்கூடாது. மாற்று சிகிச்சை ஆனவர், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் பர்சில் வைத்திருக்கச் சொல்கிறோம்.