'அஸ்பீரா' என்னும் ஏவல்

இஸ்பானிய மொழியிலே 'அஸ்பீரா' என்றொரு சொல் உண்டு. நம் இலக்கண நூலார் வழக்கிற் கூறுவதாயின், அது முன்னிலை ஒருமை ஏவல் வினைமுற்றாகவும் வரும். அதற்குப் பொருள் இரண்டு. 'மூச்சை உள்ளே இழு' என்பது ஒன்று. 'உயர்ந்ததை நாடு' என்பது மற்றொன்று. உயிர்ப்பும் உயர்வேட்கையும் ஒரு சொல்லுள்ளே அடங்கிக் கிடத்தல் எத்துணை அழகு! 1961ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து ஏழை மாணாக்கர்க்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்த அம்மையார் ஒருவர், இச்சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். அவர்தாம் அந்தோனியா பந்தோஹா.

என் பழைய மாணாக்கர் ஒருவர் அந்நகரிலே வாழ்கின்றார். அம்மையார் தம் வரலாற்றைத் தாமே எழுதி 2002இல் வெளிவந்த ஆங்கில நூலை அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அகராதியுங் கையுமாக இருந்து ஒரு தவணை விடுமுறைக்குள் அதனைப் படித்து முடித்தேன். பிராசீன பாடசாலையில் நன்னூல் படிப்பிக்கும் எனக்கு இவ்வரலாற்றிலே என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

புவேர்த்தோ றிக்கோ கரிபியன் கடலிலுள்ள ஒரு தீவு. 1898இல் அஃது இஸ்பானியர் கையினின்றும் அமெரிக்கர் கைக்கு மாறியது. 1917இல் அத்தீவினர்க்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் உரிமையோடு மொழிக் குழப்பமும் உடன்வந்தது. பிள்ளைகள் வீட்டிற் பேசுவது இஸ்பானியமாயிருக்க, பள்ளிகளிலே ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கிவிட ஆட்சியாளர் பல்லாண்டு முயன்றனர். 1940களின் இறுதியிலேதான் இஸ்பானியம் தனக்குரிய இடத்தை மீளப் பெற்றது.

அத்தீவின் தலைநகராகிய சான் ஹூவானிலே, 1922இல், வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் பந்தோஹா. ஆபிரிக்கக் குருதியும் கலந்த கருநிறத்தவர். பாட்டன் பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். பாட்டனார் புகையிலைத் தொழிற்சாலையிலே உழைத்தவர்; தொழிற்சங்கத்திலும் ஈடுபட்டவர். பேர்த்தியோ புவேர்த்தோ றிக்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மலைப்புறத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் இரண்டாண்டு கற்பித்தார். 1944இல் நியூயோர்க் சென்றார். அங்கே ஆசிரியப் பணியா கிடைத்தது? தொழிற்சாலையிலே உலோகம் ஒட்டும் வேலைதான் கிடைத்தது. விளக்குகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருந்தபோது, உடனுழைப்போர்க்கு அவர்தம் உரிமைகளையும் சங்கம் அமைக்கும் முறையையும் எடுத்துரைத்தார். பாட்டனாரின் பேர்த்தியல்லவா! உழைத்துக்கொண்டே படித்து, 1952இல் ஹன்ரர் கல்லூரியிற் பட்டமும், 1954இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சமூகப்பணி முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தே புவேர்த்தோ றிக்கோவினர் பெருந்தொகையாக அந்நகரிற் குடியேறிக்கொண்டிருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது யாது? ஆங்கிலம் தடுமாறிய பிள்ளையை அறிவு தடுமாறும் பிள்ளையாகவே பள்ளிகள் கொண்டன. 'கல்லூரி உனக்குப் பொருந்தாது. கைத்தொழில் பழகு' என்று வழிகாட்டும் ஆசிரியரே வழியை அடைத்தனர். 1963இல் அந்நகர உயர்பள்ளிகள் கல்லூரிக்கு வழிவகுக்கும் தராதரப் பத்திரங்களை ஏறக்குறைய 21,000 பேருக்கு வழங்கின. அவருள் புவேர்த்தோ றிக்கோவினர் 331 பேரே.

இந்த இடத்திலே நான் நூலை மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலையொன்றிற் படிப்பித்த நாளில், ஒரு தந்தையாரை அழைத்து, 'இவனுக்குப் படிப்பு ஏறாது. கடையொன்றிலே சேர்த்துவிடும்' என்று நானே கூறியிருக்கின்றேன். பையன் பேசும்போது திக்குவான், எழுத்தும் கோணல். வேறு குற்றம் அவனிடத்தில் இல்லை. சென்ற ஆண்டு பேருந்து நிலையத்திலே அவனைக் கண்டேன். இன்று அவன் ஒரு தகப்பன். 'எனக்குத் தமிழ் படிப்பித்த ஐயா' என்று தன் மகளுக்கு என்னைக் காட்டினான். அவன் வார்த்தையிலே வஞ்சம் சிறிதும் இல்லை. அதுவே என்னைச் சுட்டது.

அஸ்பீராவின் முறை எளிது. உயர்பள்ளிதோறும் மாணாக்கர் கழகங்கள்; அவற்றுக்கு மாணாக்கரே தெரிவுசெய்யும் நிருவாகிகள்; தம் தீவின் வரலாறு பற்றிய பாடம்; கல்லூரி புகுதற்கும் பணவுதவி பெறுதற்கும் வழிகாட்டல். சில அறக்கட்டளைகள் பொருள் நல்கின. எனினும், இரக்கப்பட்டு உதவும் நிலையமாக அஃது அமைதலை அம்மையார் விரும்பினாரல்லர். அச்சமூகத்தை நடத்துவோர் அச்சமூகத்துள்ளிருந்தே எழவேண்டும். கற்றவர் கற்றபின் தம்மவரை மறத்தலாகாது. இவ்விரண்டிலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

தோற்றுவித்தவர் பிற பணிகளுக்குப் பெயர்ந்த பின்னரும் சங்கம் ஓயவில்லை. 1972இல் நியூயோர்க் கல்விச்சபைமீது வழக்குத் தொடுத்தது. ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மாத்திரம் கற்பித்தல் கல்வியை மறுப்பதேயாம் என்பது வாதம். 1974 ஜனவரியிலே, சான் பிரான்சிஸ்கோவின் சீனச் சிறார் தொடர்பான வேறொரு வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே கல்விச்சபை இணங்க, நீதிமன்றத்தின்முன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி, ஆங்கிலம் கற்பிப்பதோடு பிற பாடங்களை இஸ்பானியத்திலும் கற்பிக்கவேண்டியதாயிற்று.

இவ்வெற்றியை யான் முழுவெற்றி என்று சொல்லமாட்டேன். ஆங்கிலச் சோதனையிலே மிகக் குறைந்த புள்ளியும் இஸ்பானியச் சோதனையிலே அதனினும் மேலான நிலையும் பெறும் பிள்ளைகளுக்கே அவ்வுரிமை கிட்டியது. தாய்மொழியை ஊன்றுகோலாகக் கருதி, கால் தேறியதும் எறிந்துவிடுக என்பது போன்ற ஏற்பாடு அது. ஆங்கிலம் நன்கறிந்த பிள்ளைக்குத் தன் பாட்டியின் மொழி வேண்டாவோ? தமிழாசிரியன் இவ்வாறு கேளாது வேறு எவ்வாறு கேட்பான்!

ஒன்றைத் தொடங்கி, அது நிலைகொண்டதும் பிறர் கையில் ஒப்படைத்து அப்பாற் செல்லுதல் அம்மையாரின் இயல்பு. 1970இல் தலைநகர் வாஷிங்டன் சென்று ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். இன்றும் நியூயோர்க்கில் நடைபெறும் பொரிக்குவா கல்லூரிக்கு மூலம் அதுவே. பின்னர்க் கலிபோர்னியாவிலே, தம் வாழ்க்கைத் துணைவியாகிய வில்ஹெல்மினா பெரியுடன் கூடிச் சமூக மேம்பாட்டுக்கெனப் பட்டமேற்கல்வி நிலையமொன்றை நடத்தினார். 1984இல் தம் தீவுக்கே மீண்டு, குபுயி என்னும் மலையூரிலே இளைப்பாறக் கருதினார். இளைப்பாறினாரா? அவ்வூரவர்க்கு உள்ளூரிலேயே தொழில் உண்டாக்கும் நிறுவனம் ஒன்று சில ஆண்டுகளுள் அங்கே எழுந்தது!

1996இல் சனாதிபதி கிளின்ரன் அவர்க்குச் சுதந்திரப் பதக்கம் சூட்டினார். 2002 மே 24ஆம் நாள், நியூயோர்க்கிலே, தமது எண்பதாம் வயதை எட்டுமுன் அம்மையார் காலமானார்.

நூல் இப்பொழுது என்னிடத்தில் இல்லை. எங்கள் ஊர்ப் பாடசாலையிலே, சாதாரண தரப் பெறுபேறு வந்தபின் எந்தப் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்று சொல்லும் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்திருக்கின்றேன். இரு மாதமாகியும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.