ஸ்டொஃப் வீட்டுப் பிள்ளைகள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தனிமங்களின் பெயர்களை நெட்டுருப் போட்டே தலைவலி கண்டவர்களில் நானும் ஒருத்தி. ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்று ஒப்பிப்போமே தவிர, அப்பெயர்களுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை.

நூலகப் புத்தகங்களுக்குத் தூசி தட்டும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தபோது, பழைய டச்சு அகராதி ஒன்று என் கையில் அகப்பட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்து இங்கே பணியாற்றிய ஒரு சிஸ்டர் விட்டுச் சென்றதாம். (அந்நாட்டின் வடபகுதியிலும் டச்சு மொழிதான் பேசுகிறார்கள்.) புரட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டச்சில் 'ஸ்டொஃப்' என்றால் பொருள். 'ஸ்யூர்' என்றால் புளிப்பு. இரண்டையும் ஒட்டினால் 'ஸ்யூர்ஸ்டொஃப்', அதாவது புளிப்புப் பொருள். அதுதான் ஆக்ஸிஜன்! ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாகிறது. ஆகவே அது 'வாட்டர்ஸ்டொஃப்'. கார்பன் 'கோல்ஸ்டொஃப்', அதாவது கரிப்பொருள். நைட்ரஜனின் பெயர்தான் பயங்கரம்: 'ஸ்டிக்ஸ்டொஃப்', மூச்சை முட்டவைக்கும் பொருள். அவ்வாயு மட்டும் நிறைந்த குப்பிக்குள் மெழுகுவர்த்தி அணைந்துவிடும், எலி மாண்டுவிடும். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 78 பங்கு இந்த மூச்சுமுட்டிதான்!

இந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பலர். எரிபொருள் 'ப்ரண்ட்ஸ்டொஃப்', நெருப்புப் பொருள். ஓடும் பொருளான திரவம் 'ஃப்ளூய்ஸ்டொஃப்'. மனிதர் செயற்கையாகச் செய்த பிளாஸ்டிக் 'குன்ஸ்ட்ஸ்டொஃப்'. வேர்ச்சொல் ஒன்று தெரிந்தால் பத்துச் சொற்கள் தாமாகவே கதவைத் திறக்கின்றன.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டுச்சொல்லில் கடைசியில் நிற்பதே தலைவர். முன்னால் நிற்பது அதை விளக்கும் ஏவலாள். நம் தமிழிலும் அப்படித்தானே? வீட்டுத்தோட்டம் என்றால் தோட்டம், தோட்டவீடு என்றால் வீடு. டச்சில் 'கோல்' என்ற சொல்லுக்குக் கரி என்றும் முட்டைக்கோஸ் என்றும் இரு பொருள். 'ஸ்யூர்' என்பது அமிலத்துக்கும் பெயர். எனவே 'கோல்ஸ்யூர்' என்றால் கரி அமிலம். சோடாவில் நுரைத்துப் பொங்குவது அதுவே. திருப்பிப் போட்டு 'ஸ்யூர்கோல்' என்றால் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்! கடையில் மாற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்று எண்ணிச் சிரித்தேன். பெயருக்கு முன் வரும் 'டெ', 'ஹெட்' என்ற சிறு சொல்லையும் கடைசிச் சொல்லே தீர்மானிக்கிறது: 'ஹெட் கோல்ஸ்யூர்', ஆனால் 'டெ ஸ்யூர்கோல்'.

அறிவியலைச் சொந்த மொழியில் சொல்லவேண்டும் என்று அங்கே வாதாடியவர் சைமன் ஸ்டெவின். 1548இல் ப்ரூகஸ் நகரில் பிறந்தவர். அக்காலத்துப் பண்டிதர்கள் லத்தீனில் எழுத, இவர் 1586இல் எடைக்கலை பற்றிய நூலை டச்சிலேயே எழுதினார். அதன் முகவுரையில், தம் மொழியில் ஓரசைச் சொற்கள் மிகுதி, ஆகையால் ஒட்டிப் புதுச்சொல் ஆக்க அதுவே ஏற்றது என்று, சொற்களை எண்ணிப் பட்டியலிட்டே காட்டினார். கணிதத்துக்கு அவர் வைத்த பெயர் 'விஸ்கொன்ஸ்ட்', ஐயமற்ற கலை. இன்று அது 'விஸ்குண்டே'. 1600இல் லெய்டன் நகரில் பொறியாளர்களுக்கென டச்சு மொழியிலேயே வகுப்புகள் தொடங்கியபோது, பாடத்திட்டம் வகுத்தவரும் இவரே.

இவ்வளவும் படித்த மகிழ்ச்சியில் மாதத் தேர்வில் நான் ஒரு காரியம் செய்தேன். அமிலங்கள் எல்லாவற்றிலும் ஆக்ஸிஜன் உண்டு என்று துணிந்து எழுதினேன். புளிப்புப் பொருள் இல்லாமல் புளிப்பு ஏது? போயிற்று இரண்டு மதிப்பெண்! ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே உண்டு. டச்சில் அதற்கு 'ஸௌட்ஸ்யூர்', உப்புப் புளிப்பு என்று பெயர். பெயரில் புளிப்பு இருக்கிறது. உள்ளே புளிப்புப் பொருள் இல்லை.

வீட்டில் அழுதுகொண்டே அண்ணனின் வேதியியல் புத்தகத்தைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் என்ற கிரேக்கப் பெயரின் பொருளும் அமிலத்தைப் பிறப்பிப்பது என்பதே. 1777இல் அப்பெயரை அமைத்த லவாய்சியரே என்னைப் போலத்தான் எண்ணியிருந்தாராம்! குளோரினில் ஆக்ஸிஜன் இல்லை, அது ஒரு தனிமமே என்று 1810இல் ஹம்ஃப்ரி டேவி அறிவித்தார். அதற்குள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. டச்சுக்காரர்கள் பெயரை மொழிபெயர்த்தபோது பிழையையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டார்கள். நம்மில் யாருக்கும் கிரேக்கம் தெரியாததால் அப்பிழை நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மதிப்பெண் திரும்பி வரவில்லை. ஆனால் டீச்சர் இந்தக் கதையை வகுப்பில் சொல்லச் சொன்னார்கள்.

அகராதியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். 'ஸ்டொஃப்' என்பதற்குத் தூசி என்றும் பொருள் உண்டாம். தூசியை உறிஞ்சும் மின்கருவி 'ஸ்டொஃப்ஸோய்கர்'. அந்தக் கருவி எங்கள் நூலகத்தில் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு பழைய துணிதான். துணிக்கும் டச்சில் ஸ்டொஃப் என்றே பெயர்!