மண் சரியுமென்று தெரிந்தும் மக்கள் ஏன் நகர்வதில்லை?

பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மீரியபெத்தை தோட்டம் மண்சரிவு அபாயத்தில் இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தபோது லயன்களில் குடும்பங்கள் குடியிருந்தன. மலையின் நிலையை ஆராய்பவர் புவிச்சரிதவியலாளர். எச்சரிக்கப்பட்ட மக்கள் ஏன் நகரவில்லை என்பதை ஆராய்பவர் நடத்தையியல் ஆய்வாளர். அறியாமையே காரணம் என்பது எளிதான விடை. ஆனால் லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று, தோட்ட வேலையோடு பிணைந்தது என்பதையும், மாற்றுக் காணி கைக்கு வராமல் வெளியேறினால் வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் ஒருசேரக் கைநழுவக்கூடும் என்பதையும் கேட்டறிந்தவரிடம் அந்த விடை செல்லாது.

காரணம் தெரிந்தபின் ஒரு தீர்வை முயன்று, அது உண்மையில் பயன்தந்ததா என்று அளப்பது மதிப்பீடு எனப்படும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்ற அறிவித்தலைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதா, தோட்டத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர் வீடுவீடாகச் சொல்வதா கூடுதல் பயன்தரும் என்று அறிய, குலுக்கல் முறையில் சில தோட்டப் பிரிவுகளுக்கு ஒரு வழியையும் மற்றவற்றுக்கு மறுவழியையும் கொடுத்து ஒப்பிடலாம். வறுமை ஒழிப்பில் இம்முறையைப் பரவலாக்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இலங்கையிலும் பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழில் உரிமையாளர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா வழங்கி ஆராய்ந்தனர். ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம் உயர, பெண்கள் நடத்தியவற்றில் சராசரியாக உயர்வு காணப்படவில்லை. பணம் கொடுத்தால் எல்லாத் தொழிலும் வளரும் என்ற நம்பிக்கை இப்படித்தான் உடைந்தது.

பொருளியல், உளவியல், சமூகவியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றோர் பெரும்பாலும் கள ஆய்வு உதவியாளராகவே இந்த நடத்தையியல் ஆய்வு, மதிப்பீட்டுத் துறைக்குள் நுழைகின்றனர். பகலில் லயனுக்குச் சென்றால் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் இருப்பார்கள். துரையோ கணக்கப்பிள்ளையோ அருகில் நின்றால் பதிலின் தொனியே மாறிவிடும். இவற்றைச் சொல்லித்தராமலே அறிந்த தோட்டத்துப் பட்டதாரியின் பெறுமதியைக் கொழும்பிலிருந்து வரும் திட்டங்கள் போதிய அளவு உணர்வதில்லை. வேலை பெரும்பாலும் திட்டக் காலத்துக்கான ஒப்பந்தமே. அறிக்கை நிதி வழங்கிய நிறுவனத்துக்குப் போகிறது; பதில் சொன்ன லயனுக்கு அது திரும்பி வருவது அரிது.