புகழும் புத்திக்கூர்மையும் பயிற்றுவிப்பாளருக்குப் போதுமா?

உதைபந்தாட்டக் கழகமொன்று தொடர் தோல்விகளைச் சந்திக்கும்போது முதலில் பதவியிழப்பவர் அதன் பயிற்றுவிப்பாளரே. அவ்வாறு ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப முற்படும் கழக உரிமையாளர்களின் பார்வை பெரும்பாலும் புகழ்பெற்ற முன்னாள் வீரர்களை நோக்கியே திரும்புகிறது. ஆட்டத்தை நன்கறிந்தவர், கூரிய அறிவு படைத்தவர், ரசிகர்களின் அபிமானத்துக்குரியவர் என்பனவே அதற்குக் கூறப்படும் காரணங்களாகும். ஆனால் இத்தகுதிகள் ஒரு தொழில்முறை அணியைப் பயிற்றுவிப்பதற்குப் போதுமானவையா என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

இவ்விடயத்தில் இங்கிலாந்தின் கெரி நெவில் பெற்ற அனுபவம் நல்லதொரு பாடமாகும். மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்காக 602 போட்டிகளிலும் தனது நாட்டுக்காக 85 போட்டிகளிலும் விளையாடிய அவர், 2011இல் ஓய்வுபெற்ற பின்னர் தொலைக்காட்சி விமர்சகராகப் பெரும் மதிப்பைப் பெற்றார். ஒரு கோல் எவ்வாறு பெறப்பட்டது, எந்த வீரர் எங்கே தவறிழைத்தார் என்பதை அவரைப்போல் தெளிவாக விளக்கக்கூடியவர்கள் சிலரே. 2012 முதல் இங்கிலாந்து தேசிய அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவராகவும் அவர் செயற்பட்டார். எனினும் எந்தவொரு அணிக்கும் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை.

இந்நிலையில், 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. வலென்சியா சாதாரணமானதொரு கழகமல்ல. 2002இலும் 2004இலும் ஸ்பானிய லீக் கிண்ணத்தைச் சுவீகரித்த பெருமை அதற்குண்டு. அதன் அப்போதைய உரிமையாளரான சிங்கப்பூர் வர்த்தகர் பீற்றர் லிம், இங்கிலாந்தின் சல்போர்ட் சிற்றி கழகத்தில் நெவிலின் பங்காளியாகவும் விளங்கினார்.

முதலாவது லீக் வெற்றிக்காக நெவில் 2016 பெப்ரவரி நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், மன்னர் கிண்ண அரையிறுதியின் முதற்கட்ட ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 7–0 என்ற கணக்கில் வலென்சியா படுதோல்வியடைந்தது. மார்ச் மாத இறுதியில் அவர் பதவி நீக்கப்பட்டார். அவரது பொறுப்பில் நடைபெற்ற 16 லீக் போட்டிகளில் வலென்சியா மூன்றில் மட்டுமே வெற்றிபெற்றிருந்தது.

நெவிலின் அறிவு நான்கு மாதங்களில் மங்கிவிடவில்லை. விமர்சகரின் பணியும் பயிற்றுவிப்பாளரின் பணியும் அடிப்படையிலேயே வேறுபட்டவை என்பதே உண்மையாகும். விமர்சகர் நடந்து முடிந்ததை மீண்டும் மீண்டும் திரையில் ஓடவிட்டு ஆராய்கிறார். பயிற்றுவிப்பாளரோ நடக்கவிருப்பதை முன்கூட்டியே ஊகித்து முடிவெடுக்க வேண்டியவர். விமர்சகர் தவறைச் சுட்டிக்காட்டினால் போதுமானது. பயிற்றுவிப்பாளர் அத்தவறைத் திருத்துவதற்கான பயிற்சியை வகுத்து, அது வீரர்களின் கால்களுக்குப் பழக்கமாகும் வரை கற்பிக்க வேண்டும். அணியில் இடம் கிடைக்காதவர்களின் மனக்கசப்பையும் அவரே ஆற்ற வேண்டும். இவை அனைத்துக்கும் மொழி இன்றியமையாதது. ஆனால் ஸ்பானிய மொழியில் நெவிலுக்குப் போதிய தேர்ச்சி இருக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

புகழின் நிலையும் இதுவே. 1986இல் ஆர்ஜென்டீனாவுக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்த மரடோனா, 2008இல் அதே அணியின் பயிற்றுவிப்பாளரானார். 2009 ஏப்ரலில் பொலிவியாவிடம் 6–1 எனவும், 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மனியிடம் 4–0 எனவும் அவ்வணி தோல்வியுற்றது. 1998இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரான்ஸ் அணியில் இடம்பெற்ற தியரி ஹென்றி, 2018 ஒக்டோபரில் மொனாக்கோ கழகத்தைப் பொறுப்பேற்று, 2019 ஜனவரியிலேயே பதவியை இழந்தார்.

மறுபுறத்தில், இத்தாலியின் அரிகோ சாக்கி தொழில்முறை வீரராக ஒருபோதும் விளையாடியவரல்லர். இளையோர் அணிகளிலும் சிறிய கழகங்களிலும் பல வருடங்கள் உழைத்த பின்னரே 1987இல் ஏசி மிலானுக்கு வந்தார். 1989, 1990ஆம் ஆண்டுகளில் அக்கழகம் அவரது பயிற்சியின் கீழ் ஐரோப்பியக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. போர்த்துக்கலின் ஜோசே மொரீனியோ, இங்கிலாந்துப் பயிற்றுவிப்பாளர் பொபி ரொப்சனின் மொழிபெயர்ப்பாளராக 1992இல் பணியைத் தொடங்கி, அவரருகில் இருந்தே தொழிலைக் கற்று, 2004இல் போர்ட்டோ அணியை ஐரோப்பிய சம்பியனாக்கினார்.

இதனால் புகழ்பெற்றவர்கள் பயிற்றுவிப்பாளராகத் தகுதியற்றவர்கள் என்று நாம் கூற வரவில்லை. பெப் குவார்டியோலா பார்சிலோனாவின் இரண்டாம் நிலை அணியை நான்காம் தர லீக்கில் ஒரு வருடம் வழிநடத்திய பின்னரே, 2008இல் முதல்தர அணியைப் பொறுப்பேற்றார். ஸினடின் ஸிடேனும் ரியல் மட்ரிட்டில் உதவியாளராகவும் இரண்டாம் நிலை அணியின் பொறுப்பாளராகவும் இருந்த பின்னரே 2016இல் பிரதான அணிக்கு உயர்ந்தார். முன் அனுபவமின்றி 1984இல் மேற்கு ஜேர்மனி அணியைப் பொறுப்பேற்று, 1990இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரான்ஸ் பெக்கன்பவர் ஒரு விதிவிலக்கே. அவருக்கும் பயிற்சித்துறையில் தேர்ந்த உதவியாளர்கள் பக்கபலமாக இருந்தனர்.

எனவே, புகழ் வாயிற்கதவைத் திறந்துவிடும். அறிவு கற்கும் காலத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் தொழிலைக் கற்பதற்கு அவ்விரண்டும் மாற்றீடாகா. தவறிழைத்தாலும் பாதிப்புக் குறைவான இடத்தில், அத்தவறுகளிலிருந்து பாடம் கற்கும் காலம் எவருக்கும் தேவையாகும்.

அக்காலத்தை மறுப்பவர்கள் நியமனம் வழங்குவோரே என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். பிரபலமானவரின் பெயர் முதல் நாள் செய்திகளை நிரப்பும். தோல்வியின் சுமையையோ ரசிகர்களும் வீரர்களும் சுமக்க வேண்டியுள்ளது. அந்த நியமனத்தினால், கீழ்மட்ட அணிகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த பெயரறியாத பயிற்றுவிப்பாளர் ஒருவரின் வாய்ப்பும் பறிபோகிறது. நியமிக்கப்பட்டவரும் பாதிக்கப்படாமலில்லை. பொறுமையுடன் கற்றிருந்தால் சிறந்த பயிற்றுவிப்பாளராக உருவாகியிருக்கக்கூடிய நெவில், தொலைக்காட்சிப் பணிக்கே திரும்பிச் சென்றார்.

ஒருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், எவ்வளவு போற்றப்படுகிறார் என்பதைவிட, அறிந்ததைப் பிறருக்குக் கற்பித்துப் பயன்கண்டிருக்கிறாரா என்று கேட்பதே நியமனம் வழங்குவோரின் கடமையாகும்.